களத்தின் இரு முனைகள்

நுழையும்முன்

கால்பந்தாட்டத்தில் பந்து உருளும் முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. எந்தக் கோலை நோக்கித் தாக்குவது, எந்தக் கோலைக் காப்பது என்பதே அது. ஒரு நாணயம் மேலெழுந்து கீழே விழும் நேரத்திற்குள் அது முடிந்துவிடும். அந்நேரத்தில் அணித்தலைவர் எதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்? போடிநாயக்கனூரின் மலையடிவாரத்தில் நின்று விளக்கம் தேடுகிறது இப்பாடம்.

மலையைப் பார்க்கும் தலைவர்

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்றது. ஊரைத் தாண்டினால் சாலை மலையேறத் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும். அதற்கு அப்பால் கேரளத்தின் ஏலமலைத் தோட்டங்கள். ஊரின் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் வானத்தின் ஒரு பகுதியை மலை எடுத்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய அடிவாரத்தில், கிழக்கு மேற்காக நீண்ட ஒரு மைதானத்தை நினைத்துக்கொள்வோம். ஒரு கோல் மலைப்பக்கம், மற்றொன்று சமவெளிப்பக்கம். மாலை 4.30 மணி. நடுவர் இரு அணித்தலைவர்களையும் மைய வட்டத்திற்கு அழைக்கிறார். நாணயம் சுண்டப்படுகிறது. 'தலை' என்று சொன்னவர் வெல்கிறார். "பக்கமா, தொடக்க உதையா?" என்று நடுவர் கேட்கிறார்.

அனுபவமில்லாத தலைவர் உடனே விடை சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் தம் தோழர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் பக்கத்தையே கேட்பார். நடக்கும் தொலைவு மிச்சம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இராது. தேர்ந்த தலைவர் மேற்கே மலைமுகட்டையும் அதன்மேல் நிற்கும் ஞாயிற்றையும் ஒருமுறை பார்ப்பார். பிறகு கோலுக்குப் பின்னுள்ள மரங்களின் இலைகள் எத்திசையில் அசைகின்றன என்பதையும் பார்ப்பார். அதன்பின்னரே வாய்திறப்பார்.

விதி வந்த வழி

1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இலண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் இறுதிக்குள் அது வகுத்த விதிகள் 13. நாணயச் சுழற்சியில் வென்றவர் தமக்குரிய கோலைத் தேர்ந்தெடுக்கலாம், தோற்றவர் தொடக்க உதையை எடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மற்றொரு விதி இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கும்: ஒவ்வொரு கோல் விழுந்ததும் இரு அணிகளும் பக்கம் மாறின!

கேட்பதற்கு இது நேர்மையான ஏற்பாடாகத் தோன்றும். காற்றின் துணையால் ஓர் அணி கோல் போட்டால், அடுத்த நொடியே அக்காற்று எதிரணிக்குச் சென்றுவிடும். ஆனால் கோலே விழாவிட்டால்? காற்றுக்கு எதிரே நிற்கும் அணி, தன் கோலை அரும்பாடுபட்டுக் காத்ததற்குப் பரிசாக ஆட்டம் முழுவதும் காற்றுக்கு எதிரேயே நிற்க வேண்டியதாயிற்று. நன்றாகக் காத்தவர்க்கே தண்டனை என்னும் இக்குறை நீங்கச் சில ஆண்டுகள் ஆயின. 1870களில் விதி படிப்படியாக மாறியது. முதலில், கோல் விழாத ஆட்டத்தில் இடைவேளையின்போது பக்கம் மாறலாம் என்றனர். பின்னர், எத்தனை கோல் விழுந்தாலும் இடைவேளையில் மட்டுமே மாற வேண்டும் என முடிவு செய்தனர். கோலை வைத்து அளந்த பங்கீடு நேரத்தை வைத்து அளக்கும் பங்கீடாக மாறிய இடம் இதுவே. 45 நிமிடம் உனக்கு, 45 நிமிடம் எனக்கு.

வென்றவருக்குக் கிடைக்கும் உரிமையும் ஒரே நிலையில் இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பக்கம் அல்லது தொடக்க உதை ஆகிய இரண்டில் ஒன்றை அவர் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. 1997இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. வென்றவர் பக்கத்தை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம், உதை மற்ற அணிக்கு என்றாயிற்று. 2019இல் பழைய உரிமை மீண்டும் வந்தது. தொடக்க உதையிலிருந்தே நேராகக் கோல் போடலாம், பந்தை எத்திசையிலும் உதைக்கலாம் என இடைக்காலத்தில் விதிகள் தளர்ந்திருந்தமையால், தொடக்க உதைக்கு முன்பில்லாத மதிப்பு ஏற்பட்டிருந்ததே அதற்குக் காரணம். இன்றைய விதிப்படி, முதற்பாதிக்குரிய பக்கத்தைத் தேர்ந்தெடுத்த அணி இரண்டாம்பாதியின் தொடக்க உதையைப் பெறும்.

எனினும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. தொடக்க உதை தருவது பந்தின் முதல் தொடுகை மட்டுமே. நடுக்களத்தில் ஒரு தவறான கடத்தலில் அது கைநழுவிப் போகும். பக்கம் தருவது 45 நிமிடச் சூழலை. மூடிய அரங்கிலும் மின்னொளியில் நடைபெறும் ஆட்டத்திலும் உதையைக் கேட்பது பொருத்தமாகலாம். மலையடிவாரத்து மைதானத்தில் பக்கத்தை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அறியாமையே.

பக்கம் மாறும் வழக்கம் கால்பந்துக்கு மட்டும் உரியதன்று. நம் மண்ணின் சடுகுடுவிலிருந்து வளர்ந்த கபடியிலும் நாணயச் சுழற்சியில் வென்றவர் களப்பகுதியையோ முதல் பாட்டையோ கேட்கிறார். இடைவேளைக்குப் பின் களம் மாறுகிறது. கைப்பந்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கம் மாறுவர்; ஐந்தாம் சுற்று வந்துவிட்டால் ஓர் அணி 8 புள்ளிகளைத் தொட்டதும் நடுவிலேயே மாறுவர். அந்தக் கூடுதல் கவனம் கால்பந்தில் இல்லை. ஒரே ஒரு மாற்றம், அதுவும் நடுவில். ஆகவேதான் முதல் தேர்வு இவ்வளவு கனம் பெறுகிறது.

ஞாயிறு சமமாகப் பங்கிடப்படுவதில்லை

இரு அணியும் இரு பக்கமும் ஆடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்ற ஐயம் எழலாம். சூழல் 90 நிமிடமும் மாறாதிருந்தால் சரியாகிவிடும். ஆனால் மாலை வெயில் மாறாதிருப்பதில்லை.

புவி தன்னைத்தானே சுற்றுவதால், ஞாயிறு வானில் ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றுகிறது. போடி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது. அதனால் மாலை ஞாயிறு சாய்ந்து செல்லாமல் ஏறக்குறைய நேராகவே கீழிறங்கும். முதற்பாதியின் தொடக்கத்திற்கும் இரண்டாம்பாதியின் தொடக்கத்திற்கும் இடையே, 45 நிமிட ஆட்டமும் 15 நிமிட இடைவேளையும் சேர்ந்து, ஒரு மணி நேரம் கழிகிறது. அதற்குள் ஞாயிறு ஏறத்தாழ 14 பாகை இறங்கியிருக்கும். உச்சியிலிருந்து இறங்கும் வெயில் தலையைத்தான் சுடும். கிடையாக வரும் வெயிலோ கண்ணில் விழும். உயரே வரும் பந்தைப் பிடிக்கக் கையுயர்த்தும் கோல்கீப்பருக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். அவர் தொப்பி அணிந்துகொள்ள விதியே இடம் தருகிறது.

இனி மலையைக் கணக்கில் சேர்ப்போம். மேற்கே மலைமுகடு அடிவானத்திற்கு மேல் 7 பாகை உயர்ந்து நிற்பதாகக் கொண்டால், நாட்காட்டி சொல்லும் மறைவு நேரத்திற்கு ஏறத்தாழ அரை மணி முன்னரே அம்மைதானத்தில் வெயில் மறைந்துவிடும். மார்கழியில் இப்பகுதியில் ஞாயிறு மறைவது மாலை 6 மணியை ஒட்டி. எனவே 5.30 மணியளவில் களத்தில் நிழல் விழுந்துவிடும். 4.30 மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தின் இரண்டாம்பாதி தொடங்குவதும் ஏறத்தாழ அந்நேரமே! முதற்பாதியில் சமவெளிப்பக்கக் கோலைக் காத்த அணி, மேற்கே பார்த்து, 45 நிமிடம் வெயிலைக் கண்ணில் வாங்கியது. பக்கம் மாறியபின் எதிரணி அதே இடத்தில் நிற்கிறது. ஆனால் அதற்கு வெயில் இல்லை. பக்கம் மாறியது, சுமை மாறவில்லை.

ஆடி மாதத்திலோ கணக்குத் தலைகீழாகிறது. அப்போது ஞாயிறு மறையும் நேரம் 6.45 மணியை ஒட்டியது. அரை மணி முன்னதாக மலை மறைத்தாலும் 6.15 வரை வெயில் நிற்கும். ஆட்டம் முடிவதும் அப்போதுதான். முதற்பாதியில் ஞாயிறு இன்னும் உயரத்தில் இருப்பதால் தொல்லை குறைவு. இரண்டாம்பாதியில் அது தாழ்ந்து, சரியாகக் கண்மட்டத்திற்கு வரும். மேகம் மறைக்காத நாளாயின், இரண்டாம்பாதியில் மலைக்கு முதுகு காட்டி ஆடும் அணிக்கே ஆதாயம். ஒரே மைதானம், ஒரே நேரம். மாதம் வேறாகும்போது சரியான விடையும் வேறாகிறது. 'எங்கள் ஊர் மைதானத்தில் எப்போதும் இந்தப் பக்கம்தான்' என்று பழக்கத்தால் கேட்கும் தலைவர் ஆண்டில் பாதி நாள் தவறு செய்கிறார்.

இத்தொல்லையைத் தவிர்க்கவே புதிய விளையாட்டரங்குகளை வடக்குத் தெற்காக அமைப்பது நல்லது என்கின்றனர். ஆனால் பள்ளி மைதானங்கள் ஞாயிற்றைக் கேட்டு அமைவதில்லை. கிடைத்த நிலம் எப்படி நீண்டிருக்கிறதோ அப்படியே கோல் கம்பங்களும் நடப்படுகின்றன.

மேல்காற்றும் மலைக்காற்றும்

திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்தவர் தமிழர். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. தேனி மாவட்டத்து மக்கள் பேச்சில் இம்மேற்குக் காற்று 'மேல்காற்று' ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் கேரளப்பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்து, கணவாய்கள் வழியாக இப்பக்கம் இறங்குகிறது. போடிமெட்டில் மழை பெய்துகொண்டிருக்கும்போது அடிவாரத்தில் காற்றும் சாரலும் மட்டுமே இருப்பதுண்டு. இக்காற்றின் வலிமையை நம்பியே ஆண்டிபட்டிப் பகுதியில் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்னும் பழமொழிக்கு முன், சற்றேறக்குறைய 430 கிராம் எடையுள்ள கால்பந்து எம்மாத்திரம்?

காற்று பந்தை எவ்வளவு பாதிக்கும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். பறக்கும் பந்தின்மீது காற்று செலுத்தும் தடை, காற்றைச் சார்ந்து பந்து செல்லும் வேகத்தின் இருமடியை ஒட்டி வளர்கிறது. பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் உதைக்கப்படுகிறது. காற்று நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது எனக் கொள்வோம். காற்றை எதிர்த்து உதைத்தால் சார்பு வேகம் 25. அதன் இருமடி 625. காற்றோடு உதைத்தால் சார்பு வேகம் 15, இருமடி 225. ஒரே கால், ஒரே உதை. ஆனால் தடையோ ஏறத்தாழ 2.8 மடங்கு வேறுபடுகிறது. கொடியைப் படபடக்கச் செய்யும் அளவுக் காற்றுக்கே இந்நிலை.

காற்றை எதிர்த்துக் கோல்கீப்பர் உயரத் தூக்கி உதைக்கும் பந்து, நடுக்கோட்டை எட்டாமல் வானில் நின்று திரும்புவதைக் காற்றுமிக்க ஊர்களில் காணலாம். கோல் உதையாக எடுக்கப்பட்ட பந்து, எவர்மீதும் படாமல் காற்றால் திரும்பி உதைத்தவரின் கோலுக்குள்ளேயே நுழைந்துவிட்டால் என்ன செய்வது? விதி அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது: அது கோல் ஆகாது, எதிரணிக்கு ஒரு கார்னர் உதை கிடைக்கும். தொடக்க உதைக்கும் இதே விதிதான்.

ஆயினும் காற்று பின்னிருந்து வீசுவதை முழு வரமாகக் கருதிவிடக் கூடாது. முன்னோக்கி நீட்டிக் கொடுக்கும் பந்து ஓடுபவரை முந்திக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். எதிர்க்காற்றில் அதே பந்து சற்றுத் தயங்கி நின்று, ஓடிவருபவருக்காகக் காத்திருக்கும். தரையோடு குறுகிய கடத்தல்களால் ஆடும் அணி எதிர்க்காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நெடிய உதைகளை நம்பும் அணிதான் அஞ்ச வேண்டும். எனவே பக்கம் கேட்கும் முன் தலைவர் காற்றை மட்டுமன்றித் தம் அணியின் ஆட்டமுறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தை, மாசி மாதங்களில் அடிவாரத்துக் காற்று வேறு குணம் கொள்கிறது. பகல் வெயிலில் மலைச்சரிவு சூடேறும். அதன்மேல் உள்ள காற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பச் சமவெளியிலிருந்து காற்று மலையை நோக்கி ஏறும். வெயில் மறைந்தபின் சரிவு விரைவில் குளிரும். குளிர்ந்து கனத்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். பகலில் கிழக்கிலிருந்து மேற்கே. மாலை கழியும்போது மேற்கிலிருந்து கிழக்கே. இது மெல்லிய காற்றுதான். ஆடிக்காற்றின் முரட்டுத்தனம் இதற்கில்லை. ஆனால் இது திசை மாறும் நேரம் ஆட்டத்தின் இரண்டாம்பாதிக்குள் விழக்கூடும்.

இதன் விளைவைக் கூர்ந்து நோக்குக. முதற்பாதியில் சமவெளிப்பக்கக் கோலைக் காக்கும் அணிக்குக் காற்று முதுகில் வீசும். ஆனால் வெயில் கண்ணில் விழும். இடைவேளைக்குப் பின் அவ்வணி மலைப்பக்கம் செல்கிறது. அதற்குள் காற்றும் திரும்பிவிட்டால், மீண்டும் அது முதுகிலேயே வீசும், வெயிலோ மறைந்திருக்கும். இரு பாதியும் காற்று ஒரே அணிக்குத் துணை! அதற்கு அவ்வணி தந்த விலை முதற்பாதியின் வெயில். அந்த விலையைக் கொடுக்கலாமா என்பது காற்றின் வலிமையையும் கோல்கீப்பரின் கண்ணையும் பொறுத்தது. அன்றியும் ஆட்டம் முடியும் முன் காற்று திரும்பாமலே போகலாம். அப்போது முதற்பாதியில் பெற்றதை இரண்டாம்பாதியில் திருப்பிக் கொடுக்க நேரும். காற்றின் இப்போக்கை மைதானத்தருகே காலமெல்லாம் வேளாண்மை செய்பவர் நன்கு அறிவார். ஏலச்செடி வன்காற்றைத் தாங்காது. நிழல்மரங்களின் காப்பில் வளர்வது. ஆகையால் அத்தோட்டங்களில் பணியாற்றுவோர் காற்றின் வரவை அன்றாடம் கவனிப்பவர்கள். வெளியூர் அணியின் தலைவர் அவர்களுள் ஒருவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது இழுக்கன்று.

கடற்கரை மைதானங்களுக்கும் இதுபோல் ஒரு கணக்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரக் கடலோர ஊர்கள் கால்பந்துக்குப் புகழ்பெற்றவை. அங்கே மலைக்குப் பதிலாகக் கடலைப் பார்த்துப் பக்கம் கேட்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
காற்று மைதானத்தின் குறுக்கே வீசினால் பக்கம் தேர்வதில் பயனில்லை என எண்ணற்க. மேற்கிலிருந்து வீசும் காற்றில், வடக்கே தாக்கும் அணியின் இடப்பக்கக் கார்னர் உதையைக் காற்று உந்திச் செல்லும். வலப்பக்கக் கார்னர் உதையை எதிர்க்கும். பக்கம் மாறித் தெற்கே தாக்கும்போது இடம் வலமாகிவிடும். இடக்காலால் நன்கு உதைப்பவர் ஒருவர் அணியில் இருப்பின் இது கோல் எண்ணிக்கையையே மாற்றக்கூடும்.

சரிவும் மூடுபனியும்

மலைமேல் சமதளம் அரிது. போடிமெட்டைக் கடந்து மூணாறு வரை செல்பவர், சரிவை வெட்டி நிரவிய சிறு மைதானங்களைத் தோட்டக் குடியிருப்புகளுக்கு அருகே காண்பர். அத்தோட்டங்களில் உழைக்கப் பல தலைமுறைகளுக்கு முன் சென்ற தமிழர் பலருக்குப் போடியே வாயிலாக இருந்தது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தி வழியாகக் கோட்டகுடிப் பக்கம் இறங்கி, போடி வழியாகவே வெளியூர் சென்றது. மூணாறில் தோட்ட அணிகளுக்கிடையே நடைபெறும் பின்லே கேடயக் கால்பந்துப் போட்டி 1940களிலிருந்து வரும் மரபுடையது. பகலெல்லாம் சரிவில் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் தத்தம் தோட்டத்தின் பெயருக்காகக் கூடும் போட்டி அது.

உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து சற்று அதிகத் தொலைவு பறக்கும். ஆட்டக்காரர்க்கு மூச்சும் விரைவில் வாங்கும். ஆனால் இவை இரு அணிக்கும், இரு பக்கத்திலும் ஒன்றே. பக்கத்தைத் தேர்ந்து இவற்றை வெல்ல முடியாது. சரிவு அப்படியன்று. 100 மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் சரிவு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஏற்றத்தில் ஓடும் கால் 20 நிமிடத்தில் அதைக் கண்டுகொள்ளும். மழைநீர் தாழ்ந்த முனையிலேயே தேங்குவதால், அக்கோலின் முன்னுள்ள தரை சேறாகும். தாழ்முனையைக் காக்கும் கோல்கீப்பர் வழுக்கு நிலத்தில் நின்றே பாய வேண்டும். இரண்டாம்பாதிக்குள் அச்சேறு இன்னும் மிதிபட்டுக் குழம்பியிருக்கும். ஆகவே மழைநாளில் தாழ்முனையை முதலில் காத்துவிடுவது அறிவுடைமை.

அகலவாக்கில் சரிந்த களமும் உண்டு. இங்கிலாந்தின் யோவில் ஊர் அணிக்கு ஹியூஷ் என்னும் மைதானம் இருந்தது. ஒரு பக்கக் கோட்டிற்கும் எதிர்ப்பக்கக் கோட்டிற்கும் இடையே ஏறத்தாழ 8 அடிச் சரிவு. 1949ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், முதல் பிரிவில் ஆடிய சண்டர்லாந்து அணியை, சிறிய யோவில் அங்கே 2-1 என வென்றது. சரிவுதான் வென்றது என்று தோற்றவர் சிலர் சொல்லியிருக்கலாம். அச்சரிவில் இரு அணியுமே இரு பக்கமும் ஆடின என்பதை மறக்கலாகாது. சரிவோடு வாழ்ந்து பழகியதே உள்ளூர் அணியின் ஆதாயம்.

போடிமெட்டில் மூடுபனி சில நிமிடங்களில் இறங்கிவிடும்; எதிர்முனைக் கோல் மறைந்துபோகும். அந்நிலையில் ஆட்டத்தை நிறுத்துவது நடுவரின் பொறுப்பு. 1937ஆம் ஆண்டு கிறித்துமஸ் நாளில் இலண்டனில் செல்சி அணியோடு சார்ல்டன் அணி ஆடியபோது, மூடுபனியால் ஆட்டம் நிறுத்தப்பட்டு அனைவரும் வெளியேறிவிட்டனர். சார்ல்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரம் மட்டும் அதை அறியாமல், தம் அணி எதிர்முனையில் தாக்கிக்கொண்டிருப்பதாக எண்ணித் தன்னந்தனியே கோலைக் காத்து நின்றார். காவலர் ஒருவர் வந்து சொன்ன பிறகே அவர் களம் நீங்கினாராம்.

கோலுக்குப் பின்னே உள்ளவர்கள்

இயற்கைக்கு அடுத்தபடியாகப் பக்கத்தைத் தீர்மானிப்பவர்கள் பார்வையாளர்கள். லிவர்பூல் அணி தன் ஆன்பீல்டு அரங்கில் இரண்டாம்பாதியில் 'கோப்' என்னும் பார்வையாளர் மேடையை நோக்கித் தாக்கவே விரும்பும். தென்னாப்பிரிக்காவில் உள்ள ஒரு குன்றின் பெயரே அம்மேடைக்கு வைக்கப்பட்டது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஆதரவாளர் ஆரவாரத்தை நோக்கி ஓடுவது கால்களுக்கு வலுவூட்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. இதை அறிந்த எதிரணித் தலைவர்கள் நாணயச் சுழற்சியில் வென்றால், வேண்டுமென்றே பக்கத்தை மாற்றிவிடுவதும் உண்டு. காற்றாலும் வெயிலாலும் எப்பயனும் இல்லாத நாளிலும், எதிரணியின் பழக்கத்தைக் குலைப்பது அவர்களுக்கு ஒரு பயன்.

கூடுதல் நேர ஆட்டத்திற்கு நாணயம் மீண்டும் சுண்டப்படும். பெனால்டி உதைகளால் வெற்றியை முடிவு செய்யும் நிலை வந்தால் இருமுறை சுண்டப்படும்: எந்தக் கோலில் உதைப்பது என்பதற்கு ஒன்று, யார் முதலில் உதைப்பது என்பதற்கு ஒன்று. முன்பு கோலை நடுவரே தேர்ந்தெடுத்தார். 2016இல்தான் நாணயத்திடம் விடப்பட்டது. இருவரும் ஒரே கோலில் உதைப்பதால் தரையும் காற்றும் இங்கே பொது. கோலுக்குப் பின்னே இருப்பவர் எவருடைய ஆதரவாளர் என்பதில்தான் வேறுபாடு.

இம்முறை 1970இல் வருமுன் நாணயத்தின் அதிகாரம் இன்னும் கொடியது. 1968ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கூடுதல் நேரத்திற்குப் பின்னும் கோலின்றிச் சமநிலையில் இருந்தன. நாணயம் சுண்டப்பட்டது, இத்தாலித் தலைவர் ஃபக்கெட்டி சொன்னது விழுந்தது, இத்தாலி இறுதிப்போட்டிக்குச் சென்றது. சோவியத் அணிக்கு மூன்றாம் இடத்திற்கான ஆட்டமே எஞ்சியது. ஆட்டத்தின் தொடக்கத்தில் சுண்டப்படும் நாணயம் இப்படி எவரையும் தோற்கடிப்பதில்லை. தேர்வை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

மீண்டும் மைய வட்டத்தில்

போடி மைதானத்தில் நடுவர் இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறார். தை மாதம், மெல்லிய கீழ்க்காற்று, மலைக்கு மேலே வெயில் கூசுகிறது. வென்ற தலைவர் தம் கோல்கீப்பரைத் திரும்பிப் பார்க்கிறார். அவர் இடக்கையால் கண்ணை மறைத்தபடி மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது போதும். தலைவர் மலைப்பக்கக் கோலைக் கேட்கிறார். காற்றை விட்டுக்கொடுத்து வெயிலை எதிரணிக்கு அனுப்பும் தேர்வு இது. சொன்னபின் அதைத் திரும்பப் பெற முடியாது.

எதிரணித் தலைவர் தலையசைத்துவிட்டுப் பந்தை மையப் புள்ளியில் வைக்கிறார். அவருடைய கோல்கீப்பர் சமவெளிப்பக்கக் கோலில் நின்று, தொப்பியின் முன்விளிம்பைப் புருவம்வரை இழுத்துவிடுகிறார். 45 நிமிடம் கழித்து அத்தொப்பிக்கு வேலை இராது. அதற்குள் அவரை நோக்கி எத்தனை பந்துகள் வெயிலுக்குள்ளிருந்து வரும் என்பதே இனி எஞ்சியிருக்கும் வினா. நடுவர் ஊதலை வாயில் வைக்கிறார்.